இரண்டு கையும் குழந்தையிடம்: பாலூட்டிய மாதங்களில் குரல் உதவியாளர்

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கோவையில், அறுவைச் சிகிச்சை வழியாக எனக்கு மகள் பிறந்தாள். எடை 2.9 கிலோ. ஐந்தாம் நாள் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வயிற்றுத் தையலால் படுக்கையிலிருந்து எழுவதற்கே ஒருவர் கைகொடுக்க வேண்டிய நிலையில் இருந்தேன். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு கை அதன் கழுத்தையும் தோளையும் தாங்குகிறது, மறு கை மார்பைத் தாங்குகிறது. ஒரு முறைக்கு அரை மணி நேரம், ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை என்று கூட்டிப் பார்த்தால், ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாய்க்குக் கையே இல்லை. இதைப் பார்த்த என் தம்பி, தன் அறையில் இருந்த, நாம் சொல்வதைக் கேட்டுக் குரலிலேயே பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அருகில் வைத்தான். அதற்கு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே புரியும். என் கைப்பேசியில் இருந்த குரல் உதவியாளருக்குத் தமிழும் புரிந்தது. அந்த இரண்டையும் ஏழெட்டு மாதங்கள் பயன்படுத்தியதில் நான் அறிந்துகொண்டவற்றை, முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களுக்காகவும் அவர்களுக்குத் துணையிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் என்னைத் தவறான நிம்மதியில் வைத்த நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பாடங்களும் அதிலிருந்தே கிடைத்தன.

வீட்டுக்கு வந்த மறுநாள், குழந்தைக்குப் பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்று ஸ்பீக்கரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பிறந்த குழந்தைகள் பொதுவாக ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்று அது தெளிவான குரலில் பதில் சொன்னது. சொன்னது உண்மைதான். நான் ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் கொடுத்தேன், எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்பதை அதனிடமே சொல்லி ஒரு பட்டியலில் சேர்த்து வந்தேன். அன்றைய எண்ணிக்கை 11. ஆகவே எல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ணி, அதற்கடுத்த இரண்டு நாட்களும் கவலையின்றி இருந்தேன். குழந்தை மார்பிலேயே தூங்கிப் போவதையும், எடுத்துக் கிடத்திய பத்து நிமிடத்தில் மீண்டும் அழுவதையும், இதெல்லாம் இயல்புதான் போலும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தார். ஊரில் அவரை எல்லோரும் நர்சம்மா என்றுதான் அழைப்பார்கள். என் பட்டியலை அவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா, "நேத்து மூணு துணிதானுங்க நனைஞ்சுது; அதுலயும் ஒண்ணுல செங்கல் நெறத்துல கறை இருந்துச்சு" என்று அங்கிருந்தபடியே பதில் சொன்னார். நர்சம்மா உடனே எடை பார்த்தார். 2.62 கிலோ. பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம்தான். ஆனால் பத்து விழுக்காட்டை நெருங்கிவிட்டால் அதை அப்படியே விடக் கூடாது. ஐந்து நாளைத் தாண்டிய குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் செங்கல் நிறக் கறை தெரிந்தால், குழந்தைக்குப் பால் போதவில்லை என்று அதற்குப் பொருளாக இருக்கலாம்.

பிறகு என்னைப் பால் கொடுக்கச் சொல்லி, அருகில் அமர்ந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "வாய் நெறையப் புடிக்கல, காம்ப மட்டும் சப்பிட்டு இருக்குது" என்றார். குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டியிருக்குமாறு திருப்பிப் பிடித்து, அது வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு சட்டென்று மார்போடு சேர்த்தார். பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு அடையாளங்களையும் சொல்லித் தந்தார்: வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும், முகவாய் மார்பைத் தொட வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழுதட்டுக்குக் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். அன்று மாலையே குழந்தை பாலை விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரை அந்தச் சத்தம் வர வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கூடவே, கையால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில், அதாவது சங்கு போன்ற சிறு கிண்ணத்தில், கொடுக்கவும் பழகினோம். இருபதாம் நாளில் எடை 2.92 கிலோவாக இருந்தது.

இதில் கருவி பொய் எதுவும் சொல்லவில்லை. நான் எண்ணச் சொன்னதைப் பிசகாமல் எண்ணியது. எதை எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போனதும், குழந்தையின் வாயைப் பார்க்க அதற்குக் கண் இல்லாததும்தான் சிக்கல். நனைந்த துணியைக் கையால் அலசிய என் அம்மாவிடம் இருந்த தகவல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முதல் வேண்டுகோள் இதுதான்: பிரசவமான முதல் வாரத்துக்குள், பால் கொடுப்பதை நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரை, அது செவிலியராக இருந்தாலும் மருத்துவராக இருந்தாலும் பாலூட்டல் ஆலோசகராக இருந்தாலும், ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்கச் செய்யுங்கள். என்ன எண்ண வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு, எண்ணும் வேலையைக் கருவியிடம் கொடுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். எந்தப் பக்கம், எத்தனை மணி என்பவற்றோடு நனைந்த துணியையும் பட்டியலில் சேர்த்தோம். ஆங்கிலம் பேசாத என் அம்மா, 'லெஃப்ட்', 'ரைட்', 'வெட்' என்ற மூன்று சொற்களையும் கருவியை அழைக்கும் சொல்லையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். நான் தூங்கும்போது துணி மாற்றுகிறவர் அவர்தான் என்பதால், அவரும் சொல்லக்கூடியதாகப் பட்டியல் இருந்தால்தான் கணக்கு முழுமையாகும். வீட்டில் குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படாத ஏற்பாடு, பாதிக் கணக்கையே தரும்.

தமிழ் புரிந்துகொண்ட கைப்பேசியிடம் எனக்கு வேறு வகையான சிரமம் ஏற்பட்டது. வீட்டுக்கு வந்த அன்று இரவு எனக்குப் பால் கட்டிக்கொண்டு, இரண்டு மார்பும் கல்லைப் போலக் கனத்து, தொட முடியாத வலி. எங்கள் வீட்டில் பேசுவதைப் போலவே, "பால் கட்டிக்கிச்சு, என்ன பண்றது?" என்று கேட்டேன். பாலைக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைக்கும் முறையை அது படிக்கத் தொடங்கியது. பால்கட்டி செய்வது எப்படி என்று நான் கேட்டதாக அது புரிந்துகொண்டிருக்கிறது. வலியோடு விழித்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு பதில் வருவது எவ்வளவு தனிமையாக உணரச் செய்யும் என்பதை, அதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். 'தாய்ப்பால்' என்ற சொல்லை முன்னால் சேர்த்து, "மார்பில் தாய்ப்பால் கட்டியிருக்கிறது" என்று புத்தகத் தமிழில் கேட்ட பிறகே, கையால் சிறிது பாலைப் பீய்ச்சி மார்பை இளக்கிவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது, கொடுத்த பின் குளிர்ந்த துணியால் ஒத்தடம் இடுவது ஆகிய பயனுள்ள செய்திகள் கிடைத்தன.

பால் ஊறவில்லை, காம்பு வெடித்திருக்கிறது, குழந்தை கக்குகிறது, எதுக்களிக்கிறது, முறுக்குகிறது என்று நாம் வீட்டில் சொல்லும் சொற்களில் பலவற்றையும் இப்படித்தான் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. தாய்மார் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிய இந்த நிலை சரியானது அல்ல என்பது என் உறுதியான கருத்து. இத்தகைய கருவிகளுக்குத் தமிழ் கற்பிக்கிறவர்கள், ஈரோட்டிலும் திருநெல்வேலியிலும் திருவாரூரிலும் உள்ள மகப்பேறு வார்டுகளில் சில நாட்கள் அமர்ந்து, பெண்கள் வலியில் என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் இன்று பால் கொடுக்கிறவர் அதற்காகக் காத்திருக்க முடியாது. கேட்க வாய்ப்புள்ள நான்கைந்து கேள்விகளைக் கருவி எந்தச் சொற்களில் புரிந்துகொள்கிறது என்று, கையும் தூக்கமும் இருக்கும் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே சோதித்துப் பார்த்து, அச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள்.

இதற்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட சேவைகள் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு 'பிரெஸ்ட்ஃபீடிங் ஃப்ரெண்ட்' என்ற சேவையை முதலில் ஃபேஸ்புக் மெசஞ்சரிலும், 2018இல் அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவிலும் கொண்டுவந்தது. குழந்தையின் வயதைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற பதிலை, அரசு மருத்துவத் துறை ஏற்ற தகவல்களிலிருந்து மட்டும் சொல்லும்படி அது அமைக்கப்பட்டது. இவ்விரண்டு இயல்புகளும் மிக முக்கியமானவை என்பதை என் அனுபவம் சொல்கிறது. ஆறு நாள் குழந்தைக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் ஒரே பதில் பொருந்தாது. பதில் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாவிட்டாலும் குழப்பம்தான். பீய்ச்சிய பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம் என்று நான் கேட்டபோது, ஒரு நாள் நான்கு நாள் என்றும், இன்னொரு நாள் எட்டு நாள் என்றும் பதில் வந்தது. தேடிப் பார்த்ததில் இரண்டுமே அரசு அமைப்புகளின் வழிகாட்டல்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நான்கு நாள் என்கிறது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை, வெப்பநிலை 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் எட்டு நாள் வரை வைக்கலாம் என்கிறது. அந்த நிபந்தனை எனக்குக் கிடைத்த குரல் பதிலில் இல்லை. மின்சாரம் அடிக்கடி போய் வரும் எங்கள் வீட்டுப் பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது. எனவே குழந்தை மருத்துவரிடம் கேட்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் என்று வகுத்துக்கொண்டோம். அதேபோல, அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று கேட்க நேர்ந்தால், அது 25 டிகிரி வரையிலான அறையைக் கருதிச் சொல்லப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு அடுப்பங்கரைக்கு அது பொருந்தாது.

மருந்து பற்றிய கேள்விகளை நான் குரல் உதவியாளரிடம் கேட்பதை அடியோடு நிறுத்திக்கொண்டேன். பாலூட்டும் தாய் எந்த மருந்தை உட்கொள்ளலாம் என்பதை மருத்துவர்கள் சரிபார்ப்பதற்கு, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் உள்ள 'லேக்ட்மெட்' போன்ற தகவல் தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சளிக்கு மாத்திரை தேவைப்பட்டபோது மருத்துவரையே கேட்டேன். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் சுட்டாலோ குளிர்ந்தாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ எந்தக் கருவியிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பில் ஓரிடம் சிவந்து வலித்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் அந்தப் பக்கத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்றாலும், சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்தத் தருணங்களில் குரல் உதவியாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஒரு மனிதரை அழைத்துத் தருவது. இதை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். குழந்தையை மடியில் வைத்தபடி, கைப்பேசியைத் தொடாமல், பெயரைச் சொன்னால் அழைப்புப் போக வேண்டும். தொடக்கத்தில் முதலெழுத்தும் பட்டமும் சேர்த்து நான் சேமித்திருந்த பெயர்கள் எதையும் அது புரிந்துகொள்ளவில்லை. அவற்றை 'நர்சம்மா', 'குழந்தை டாக்டர்', 'அம்மா', 'தம்பி' என்று சுருக்கிய பிறகு தடையின்றி வேலை செய்தது. தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 104ஐயும், ஆம்புலன்சுக்கான 108ஐயும் இப்படியே பெயரிட்டு வைத்திருந்தேன். கைப்பேசியின் திரை பூட்டியிருக்கும்போதும் குரல் அழைப்புப் போகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனி அனுமதி தர வேண்டியிருக்கும்.

இரவு நேரத்துக்கு ஒரு சொற்றொடரைத் தம்பி அமைத்துக் கொடுத்தான். அதைச் சொன்னதும் மங்கலான விளக்கு எரியும், கடைசியாகக் கொடுத்தது எந்தப் பக்கம் என்று ஸ்பீக்கர் தாழ்ந்த குரலில் படிக்கும், இருபது நிமிடத்துக்கு டைமர் ஓடத் தொடங்கும். அந்த டைமர் குழந்தையை நிறுத்துவதற்காக அல்ல, உட்கார்ந்தபடி நான் தூங்கிப் போய்விடாமல் இருப்பதற்காக. பெரிய விளக்கைப் போடாததால் குழந்தையும் சீக்கிரம் மீண்டும் தூங்கியது. ஒலி அளவை இரவில் மிகக் குறைவாக வைப்பது அவசியம். முதல் இரவில் அதைச் செய்ய மறந்து, ஸ்பீக்கர் பேசிய சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு அழுதாள்.

ஆடியில் ஒரு நாள் காற்றோடு மழை பெய்து, இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. வைஃபையும் போய்விட்டது, ஸ்பீக்கரும் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. என் அம்மாவின் அம்மாவான அம்மாயி தம் ரவிக்கையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் நைட்டியின் இடப்பக்கத்தில் குத்திவிட்டு, "குடுத்து முடிச்சா அந்தப் பக்கம் மாத்திக் குத்திக்க சாமி" என்றார். அவர் நான்கு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது அப்படித்தானாம். அன்றிலிருந்து அம்மா தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நனைந்த துணிகளுக்குக் கோடும் போடத் தொடங்கினார். கருவி வேலை செய்யாத இரவுக்கு இப்படி ஒரு மாற்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களோடு பேசுவதற்கும் குரல் எனக்கு உதவியது, ஆனால் அது உதவியாளரின் குரல் அல்ல. குழந்தை மெலிந்திருந்த அந்த நாட்களில், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், உரைமருந்து உரசி வைக்கலாம், நாக்கில் தேன் தடவலாம் என்று உறவினர்கள் அன்போடு சொன்னார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கடுமையான நச்சுநோயை உண்டாக்கலாம் என்பதால், ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. இதைக் கருவி ஆங்கிலத்தில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. நர்சம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் சொன்னதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். ஊரில் ஐம்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட அந்தக் குரலை ஒலிக்கவிட்டதும் பேச்சு அடங்கியது. நான்கு அடையாளங்களையும் அவர் குரலிலேயே பதிந்து வைத்திருந்தேன். அதிகாலையில் பிடிப்புச் சரியாக அமையாதபோதெல்லாம் அந்தப் பதிவுதான் எனக்குத் துணையாக இருந்தது. இணையம் தேவையில்லாத, நம் ஊர்த் தமிழில் பேசும், நமக்குத் தெரிந்த ஒருவரின் குரலுக்கு இணையாக எதையும் நான் இதுவரை காணவில்லை.

பாலூட்டும் அறையில் எப்போதும் செவிமடுக்கும் ஒரு கருவியை வைப்பதில் தயக்கம் இருப்பது நியாயம். குரல் உதவியாளர்களின் ஒலிப்பதிவுகளில் சிறு பகுதியைத் தரம் பார்ப்பதற்காக மனிதர்கள் கேட்கிறார்கள் என்ற செய்தி 2019இல் வெளிவந்தது. அதன் பிறகு அதை மறுக்கும் வசதி கருவிகளின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) வந்தது; பதிவுகளை அழிக்கும் வசதியும் அங்கே உண்டு. அவற்றை முதல் நாளே சரிசெய்யுங்கள். கேமரா உள்ள கருவியை அந்த அறையில் வைக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உறவினர்கள் வந்து பேசும்போது ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானை அழுத்திவிடுவோம்.

26 வார விடுப்பு முடிந்து கோவையில் வேலைக்குத் திரும்பிய பிறகு, காலை பதினொரு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் பால் எடுக்க நினைவூட்டல் வைத்திருந்தேன். அலுவலகத்தில் சத்தமாகப் படிக்கப்பட்டால் சங்கடமாக இருக்குமே என்று அதற்குத் 'தண்ணீர்' என்று மட்டும் பெயரிட்டேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அப்போதைய மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தன. மேலாளரிடம் அதைச் சொல்லிக் கேட்டபோது மறுப்பு எதுவும் வரவில்லை.

பட்டியலை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 14ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது மகளின் எடை நன்றாக ஏறியிருந்தது, சிறுநீரும் நாளுக்கு ஏழெட்டு முறை போனது. ஆனாலும் ஒரு நாள் எண்ணிக்கை எட்டுக்குக் குறைந்தால் எனக்கு நெஞ்சு படபடத்தது. பசிக்காக அழுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டியலைக் கேட்கத் தொடங்கியிருந்தேன். நர்சம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எடை ஏறுது, ஒண்ணுக்குப் போகுது, மொகம் தெளிவா இருக்குது, இனி எண்ண வேண்டாம் கண்ணு" என்றார். அன்று இரவு தம்பியிடம் சொல்லிப் பட்டியலை அழித்தேன். மங்கலான விளக்கையும் இருபது நிமிட டைமரையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்புக்கொட்டும்போது எடுத்துப் பால் கொடுத்தேன்.